செவ்வாய்க்கிழமைக்கு எந்த வண்டி

— மூணு.

— போட்டாச்சு.

— நான் கிளட்சை முழுசா மிதிக்கிறதுக்குள்ள கியரைப் போட்டுட்ட. கரகரன்னுச்சு, கேட்டுச்சா?

— கேட்டுச்சு மகராசா. நீ சொல்றதுக்கு முன்னாடியே இஞ்சின் சொல்லிடுது. என் கை தானா போயிடுது.

— இஞ்சின் சொன்னா போடாத லவோன். நான் சொன்னா போடு. அப்படித்தானே பேசி வச்சிருக்கோம்.

— சரி. சொல்லு, போடுறேன். எதுக்கு இப்படிக் கடுகடுன்னு இருக்க?

— உன்னைக் குறை சொல்லல அம்மணி. கியர் போட வேண்டிய வலது கை மடியில செத்த மீனாட்டம் கிடக்கு. அந்தக் கோவம், வேற யாருகிட்ட காட்டுறது.

— ஸ்ட்ரோக் வந்து ஆள் தப்பிச்சதே பெருசு. கை கிடக்கட்டும். காலு ரெண்டும் நல்லா இருக்குல்ல, வாய் அதைவிட நல்லா இருக்கு. நாலு போடவா?

— நாலு. ஆங், இதோ. இந்த இழுப்பு இருக்கே. முதுகுல யாரோ கை வச்சுத் தள்றாப்ல. வாங்கி இத்தனை வருஷமாச்சு, இன்னும் அலுக்கல.

— எனக்கு அந்த முதுகுதான் வலிக்குது. ரோட்டுல ஒரு பொடிக்கல்லு கிடந்தாலும் என் இடுப்புக்குத் தெரியுது. ஏறும்போது குழிக்குள்ள இறங்குறாப்ல இருக்கு, இறங்கும்போது கிணத்துலேர்ந்து ஏறுறாப்ல இருக்கு.

— கார்வெட் மாதிரி ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான். தாழ உக்காந்தாதான் ரோடு கைக்கு வரும்.

— ரோடு உன் கைக்கு வருது. எனக்கு என்ன வருது? கடைக்குப் போனா, எவனாவது கதவை இடிச்சிடுவான்னு அந்தக் கோடியில கொண்டுபோய் நிறுத்துற. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். நான் பால் கேனைத் தூக்கிட்டு ஊர்வலம் போறேன். பின்னாடி கண்ணாடிக்குக் கீழ வெண்ணெயை வச்சா வீடு வர்றதுக்குள்ள சூப்பாயிடுது.

— நீதான் வெண்ணெயை மடியில வச்சுக்கலாமே.

— மடியில வச்சா கியர் யாரு போடுறது?

— அதுவும் சரிதான்.

— நவம்பர் வந்தா இதுக்குப் போர்வையைப் போத்தித் தூங்க வச்சிடுற. மழை பெஞ்சு, பனி உருக ரோட்டுல கொட்டின உப்பையெல்லாம் கழுவினப்புறம்தான் எழுப்புற. வண்டிக்குக் குளிருதான்னு கேப்ப, எனக்குக் குளிருதான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. மார்ச்ல ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறந்ததும் முதல்ல என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா?

— இல்ல.

— ‘மழை பெஞ்சுதா?’ன்னு கேட்ட. வாய் கோணியிருந்துச்சு, பேச்சு குழறுச்சு. நர்ஸு பொண்ணு உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பயந்துட்டா. நான்தான் சொன்னேன், இல்லம்மா, இவரு எப்பவும் போலத்தான் இருக்காருன்னு.

— பெஞ்சுதா?

— என்னது?

— அன்னிக்கு, மழை.

— போடா.

— சரி சரி. எதிர்ல நம்ம ஆளு ஒருத்தன் வர்றான். சிவப்பு. கையாட்டு.

— ஆட்டிட்டேன்.

— அவன் போயிட்டான். நீ ஆட்டுனது பின்னாடி வந்த பால் லாரிக்கு. டிரைவர் திருதிருன்னு முழிச்சிட்டுப் போறான்.

— வெயில் கூசுது ஆரின்.

— கார்வெட்காரன் கார்வெட்காரனைப் பாத்து கை தூக்கலேன்னா என்ன நினைப்பான்? திமிர் பிடிச்சவன்னு நினைப்பான். நானே தூக்குவேன். இருக்கிறது ஒத்தக் கை, அது ஸ்டீயரிங்ல இருக்கு.

— அடுத்தவனுக்கு ரெண்டு கையையும் தூக்குறேன். போதுமா?

— கியரை விட்டுட்டுத் தூக்காத. முன்னாடி முச்சந்தி வருது. மூணு. ரெண்டு.

— போட்டாச்சு.

— நின்னாச்சு. ஒண்ணு.

— ஒண்ணு. ஆரின், செவ்வாய்க்கிழமை—

— ஆரம்பிக்காத.

— ஆரம்பிக்கத்தான் போறேன். வீட்டுல ஆரம்பிச்சா வண்டிக் கொட்டகைக்குப் போயிடுற. இங்கேர்ந்து எங்க போவ? டாக்டர் எழுதிப் போட்டாரு, லைசென்ஸ் ஆபீஸ்ல திரும்ப ஓட்டிக் காட்டுன்னுட்டாங்க. நாளைக் கழிச்சு மறுநாள். எந்த வண்டியில போறோம்?

— இதுல.

— இதுலயா. பரிட்சை வைக்கிற அம்மா எங்க உக்காருவாங்க?

— உன் இடத்துல.

— அப்போ கியர்? அந்தம்மாவா போடும், நீ மூணுன்னா மூணு, நாலுன்னா நாலுன்னு?

— நானே போட்டுக்குவேன். இடது கையை இப்படிக் குறுக்க கொண்டுபோனா எட்டும்.

— ஸ்டீயரிங்கை யாரு பிடிப்பா?

— ஒரு நொடிதானே. முட்டியால பிடிச்சுக்குவேன்.

— முட்டியால. தெரியும், நான் தூங்குறப்போ ஒரு நாள் காலையில பழகிப் பாத்த. நம்ம தபால் பெட்டி இன்னும் சாஞ்சுதான் நிக்குது.

— அது பனி தள்ற வண்டி இடிச்சது.

— மே மாசத்துலயா?

— ரெண்டு போடு.

— போட்டாச்சு. கேளு. என் வேன் இருக்கு. கியரே கிடையாது, கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்ல ஒரு குமிழ் மாட்டினா ஒத்தக் கையாலயே சுத்தலாம், ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க. நீ தூங்கிக்கிட்டே பாஸ் பண்ணிடுவ. மிஞ்சிப்போனா என்ன பண்ணுவாங்க, கியர் இல்லாத வண்டி மட்டும்னு லைசென்ஸ்ல எழுதுவாங்க. எழுதிட்டுப் போகட்டும்.

— எழுதினா இதை என்ன பண்றது? உள்ள கோழி அடைக்கவா?

— அதை அப்புறம் பாப்போம்.

— அப்புறம்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் எவனாவது பல் டாக்டர் வந்து டயரை எட்டி உதைச்சுப் பாத்துட்டு விலைக்கு வாங்கி ஓட்டிட்டுப் போயிடுவான். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன் லவோன். மஞ்சப் பெட்டி. முதுகுக்குப் பின்னாடி அறுபது பிள்ளைங்க. ஒருத்தன் வாந்தி எடுப்பான், ஒருத்தி இன்னொருத்தி தலையில சூயிங்கம் ஒட்டுவா. கடைசி நாள் சாவியைக் கொடுத்துட்டு நடந்து வர்றப்போ நினைச்சேன், இனிமே வாங்கினா பின்சீட்டே இல்லாத வண்டிதான்னு. இப்போ என்னைத் திரும்பப் பெட்டிக்குள்ள ஏத்துற. அதுல பின்னாடி ரெண்டு வரிசை சீட்டு.

— யாரும் உக்கார மாட்டாங்க. காலியாத்தான் இருக்கும்.

— அது இன்னும் மோசம்.

— வெண்ணெயை அங்க வச்சுக்கலாம்.

— நல்லா வச்சுக்க. மூணு.

— போட்டாச்சு.

— நீ பேசுறதைப் பாத்தா அந்த வேன் மேல உயிரையே வச்சிருக்கிறாப்ல இருக்கு. மூணு வாரமா நீயே அதைத் தொடல. கோயிலுக்கு இதுல, கடைக்கு இதுல, என் தங்கச்சி வீட்டுக்கு இதுல. முடி வெட்டப் போறதுக்குக்கூட என்னைக் கிளப்பி விடுற.

— டயர்ல காத்து இறங்கியிருக்கு.

— நேத்து உதைச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு.

— பெட்ரோல் வேற விக்கிற விலைக்கு—

— இது என்ன தண்ணியிலயா ஓடுது? ஒத்துக்க அம்மணி. உனக்கும் இது பழகிப்போச்சு.

— பழகித்தான் போச்சு. இல்லேன்னு சொல்லல. நீ மிதிக்கிற, நான் போடுறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம ரெண்டு பேரும் சண்டை போடாம சேந்து செஞ்ச வேலை இது ஒண்ணுதான். சுவத்துக்கு அலங்காரக் காகிதம் ஒட்டுறோம்னு நின்னோமே, அன்னிக்கு நான் எங்கம்மா வீட்டுக்கே போயிட்டேன்.

— கோணலா ஒட்டினது நீ.

— சுவரே கோணல். விடு. அங்க ஒரு போர்டு வச்சிருக்காங்களே, என்ன போட்டிருக்கு?

— அஸ்பாரகஸ் தண்டு. இன்னிக்குப் பறிச்சதாம். நிறுத்தவா?

— வேணாம். வெண்ணெய் கதிதான் அதுக்கும்.

— போன வருஷம் அரை மைல் தூரத்துலயே படிச்சிட்டு நிறுத்து நிறுத்துன்ன.

— போன வருஷம் உன் கையும் நல்லா இருந்துச்சு. ஆரின், இஞ்சின் திணறுது. என்ன ஆச்சு?

— டிராக்டர்காரன் ஒருத்தன் திடீர்னு ரோட்டுக்குள்ள வந்துட்டான். ரெண்டு, ரெண்டு போடு.

— மிதிச்சியா? போக மாட்டேங்குது.

— மிதிச்சேன். இரு, நின்னுட்டான். நானும்— சே. அணைஞ்சு போச்சு.

— பரவால்ல. நியூட்ரல்ல போட்டுட்டேன். ஸ்டார்ட் பண்ணு.

— பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாரு. இடது கையை எடுத்து ஸ்டார்ட் பண்ணணும், அதே கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டு வரணும், இதுக்குள்ள அவனுக்கு அவசரம்.

— அடிக்கட்டும். அவன் சாப்பாடு ஆறிப் போயிடாது. மெதுவா பண்ணு.

— ஒண்ணு.

— ஒண்ணு போட்டாச்சு. போ.

— பயந்துட்டேன் லவோன்.

— தெரியுது. பேச்சுலயே தெரியுது. பெரிய ஏரிக்கரையில கொண்டுபோய் நிறுத்து. கொஞ்ச நேரம் உக்காருவோம்.

— பஸ் ஓட்டினப்போ ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல. பனியில, மேட்டுல, அறுபது பிள்ளைங்களோட. ஒரு தடவைகூட.

— தெரியும்பா. ஊருக்கே தெரியும்.

— இந்தா, கரை வந்தாச்சு. நியூட்ரல். அணைச்சுட்டேன்.

— ம். சத்தம் நின்னதும்தான் காதே தொறக்குது. காபி தரவா? குடுவையில இருக்கு.

— நான் ஊத்திக்கிறேன். நீ ஊத்தினா மூடிக்கு வெளியே ஊத்துற. சீட்டெல்லாம் கறை.

— சரி, நீயே ஊத்து.

— களைச்சுப் போச்சு.

— எனக்கும்தான்.

— கப்பல் ஒண்ணு போகுது பாரு. நீளமா. இரும்புத் தாது ஏத்திட்டு ஏரிக்கு வடக்கேருந்து வர்றான் போல.

— எங்க?

— உன் மூக்குக்கு நேரா.

— ம். போகட்டும்.

— கேளு லவோன். இனிமே இதைப் பத்திப் பேச வேணாம், நான் முடிவு பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமை இதுலதான் போவேன். போட முடிஞ்சா போடுவேன், முடியலேன்னா அந்த ஆபீஸ் வாசல்லயே அணைஞ்சு நிக்கும். தோத்தா தோக்குறேன். கார்வெட்டை ஓட்ட முடியாம லைசென்ஸ் போச்சுன்னு ஊரு சொல்லட்டும். வேன்ல பாஸ் பண்ணான்னு சொல்ல வேணாம்.

— ஊரு ரெண்டையும் சொல்லாது. ஊருக்கு வேற வேலை இருக்கு.

— எனக்கு இருக்குல்ல, அந்த நினைப்பு.

— லைசென்ஸ் மொத்தமா போச்சுன்னா மாத்திரை வாங்கணும்னாகூட யாரையாவது கெஞ்சணும் ஆரின். நம்ம வீட்டுலேர்ந்து பக்கத்து வீட்டு விளக்குகூடத் தெரியாது. ஜனவரியில பனி இடுப்பளவு கிடக்கும். யோசிச்சுப் பாத்தியா?

— யோசிக்க என்ன இருக்கு? நீ இருக்கல்ல. நீ ஓட்டு. உன் வேன், உன் சாவி. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு மெதுவா போ, மெதுவா போன்னு உன் உசுரை எடுத்துட்டு வர்றேன்.

— நான் ஓட்டணும்.

— ஆமா. இத்தனை காலம் நான் ஓட்டினேன். அலுத்துப் போச்சும்மா, உண்மையைச் சொல்லணும்னா. மிச்சத்தை நீ ஓட்டேன். அதுல உனக்கு என்ன கஷ்டம்? என்னைப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் ஆரின். தொப்பி தெரியுது, காது ரெண்டும் தெரியுது, தோளுக்குப் பின்னாடி ஜன்னல் தெரியுது. முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல, அந்தப் பார்வை இனிமே திரும்பி வராது, வண்டிச் சாவியைத் தொடாதீங்கன்னு கண் டாக்டர் சொல்லி மூணு வாரமாச்சு.