ஆறு மணிக் குளிசைக்கு முன்

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் ஹாஜியார் அவர்களே, மார்க்கத்தை மணக்க மணக்கச் சொல்லும் மௌலவி அவர்களே, தறியிலே முதுகு வளைந்தாலும் மானத்திலே வளையாத மருதமுனையின் மூத்தவர்களே, திரைக்கு அப்பால் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இந்த மனிசன் எப்ப முடிப்பார் என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி வாசலில் நிற்கும் தம்பிமாரே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பிமாரே, இன்று மணிக்கூட்டைப் பார்ப்பது நீங்கள் மட்டுமல்ல. ஆறு மணி, என் தங்கச்சி சுபைறா வலிக்குக் குளிசை விழுங்கும் நேரம். அதற்குள் நான் அவள் வீட்டில் நிற்க வேண்டும்.

மூன்று கிழமைக்கு முன்னர், நம் பிள்ளைகளைக் கெடுக்கும் போதைக் குளிசைகளுக்கு எதிராக இதே மேடையில் நான் முழங்கினேன். மரத்துப்போக வைக்கும் மருந்து எதுவாயினும் நஞ்சு, நோன்புக்கு முன் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள் என்றேன். நீங்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னீர்கள். என் நெஞ்சும் நிமிர்ந்தது. முப்பது வருடம் மருந்தாளராக இருந்தவன், வாய் போன போக்கில் பேசிவிட்டேன்.

அன்று முன்வரிசையில் இருந்தார் சுபைறாவின் கணவர், என் மச்சான் கச்சிமுகம்மது. நோன்பு வரப்போகிறதென்றால் நாம் வீடு கழுவி, பாய் உதறி, பாத்திரம் துலக்குவோமல்லவா? மச்சானும் கழுவினார். கழுவி முடித்து, என் தங்கச்சியின் எலும்புக்குள் இறங்கிய புற்றுநோய்க்கு டாக்டர் கொடுத்த மோர்பின் குளிசைப் போத்தலைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார். எறிந்தது அவர் கை. எறியச் சொன்னது யார் நாக்கு?

நாலு நாள். வியர்த்தாள், நடுங்கினாள், வயிற்றால் போனது. "காக்கா, எலும்புக்குள்ள நெருப்பு எரியிற மாதிரி இரிக்கி. நான் என்ன பாவம் செஞ்சன்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டாள். போத்தல் போன கதை அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்றே டாக்டரிடம் ஓடினேன்.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "அப்ப அது போதை இல்லையா?" என்று. நல்ல கேள்வி வாப்பா, இருங்க, சொல்றன்.

வயலுக்கு வாய்க்கால், வாய்க்காலுக்குக் கதவு. வலி நரம்பு வழியே மூளைக்கு ஓடும்போது, அதை மறிக்கவும் உடம்புக்குள் கதவுகள் வைத்தான் அல்லாஹ். ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். அந்தக் கதவை இறக்க உடம்பே ஒரு மருந்தைச் சுரக்கிறது. அது போதாதபோது மோர்பின் போய் அதே கதவை இறக்குகிறது. ஆனால் அந்தக் கதவு வலியின் வழியில் மட்டுமா இருக்கிறது? குடலில் இருக்கிறது, அதனால் மலம் இறுகும். இன்பம் உணரும் இடத்திலும் இருக்கிறது, அதனால்தான் வலியே இல்லாத வாலிபன் மோர்பினை விழுங்கினால் அது அவனை மீண்டும் மீண்டும் அழைக்கும். மூச்சை ஆளும் இடத்திலும் இருக்கிறது. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும்.

நாளாக ஆக உடம்பு மருந்துக்குப் பழகும். பழகிய உடம்பிலிருந்து சட்டெனப் பறித்தால் அது துடிக்கும். சுபைறா துடித்தது அப்படித்தான். அதுவா அடிமைத்தனம்? குளிசைக்காகப் பொய் சொன்னாளா? பிள்ளையை மறந்தாளா? வலி குறைந்தால் இருந்தபடியாவது இரண்டு றக்அத் தொழலாம் என்றுதானே கேட்டாள்?

இப்போது டாக்டர் அளவைக் குறைத்து, வேளைக்கு ஒரு குளிசை என்று திரும்பவும் தொடங்கியிருக்கிறார். நாலு நாளில் பழக்கம் குறைந்துவிட்டது. பழைய அளவை இன்று கொடுத்தால் அது அவள் மூச்சை நிறுத்திவிடும். மச்சானுக்கோ மனம் ஆறவில்லை. "என்னாலதானே துடிச்சா, கூடக் குடுப்பம்" என்கிறார். நேற்று அவர் கையைப் பிடித்துத்தான் தடுத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சபையோரே. ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டர் தந்ததை என் போன்றவன் பேச்சைக் கேட்டு எறியாதீர்கள். இரக்கத்தால் கூட்டாதீர்கள். முதுகு நோவென்று வரும் அயலவருக்குப் பகிராதீர்கள். பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வையுங்கள், மிஞ்சினால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பொறுங்கள், ஃபோன் அடிக்கிறது. மருமகள் ஹிமாயா, சுபைறாவின் மகள். சொல்லு மகள். என்ன, உன்ட வாப்பா ரெண்டு குளிசை எடுத்து வெச்சிரிக்காரா? ஒண்டுதான் மகள். மத்தத நீ கையில வெச்சிக்க, நான் வாறன்.

தலைவர் அவர்களே, மன்னியுங்கள், நான் இறங்குகிறேன். அன்று என் பேச்சுக்குத் தக்பீர் சொன்னீர்கள், இன்று என் தங்கச்சிக்காகத் துஆச் செய்யுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, அஸ்ஸலாமு அலைக்கும். வாசலில் நிற்கிற தம்பிமாரே, கொஞ்சம் வழி விடுங்க.