நாலு லைட்டுக்கு ஒரே ரெசிஸ்டர்

இல்லண்ணே, அந்தப் பக்கம் வர வேணாம், நான் இங்கயே நின்னுக்கறேன். கதவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, இவன் என்ன ஆளோன்னு நெனைக்காதீங்க. நீங்களும் கொஞ்சம் குனிஞ்ச வாக்குலயே பேசுங்க, டப்பால எதையோ தேடற மாதிரி. திருட வந்தவன் இல்லண்ணே. இந்தாங்க, இத மட்டும் பாத்துச் சொல்லுங்க. நாலு எல்இடி. நாலும் செத்துப்போச்சு.

ஆமா, உள்ள கருத்திருக்குல்ல, நானும் பாத்தேன்.    பயமா இருக்குண்ணே, வேற ஒண்ணும் இல்ல.

அய்யய்ய, பாட்டுக்கு ஆடற லைட்டு இல்லண்ணே. வீட்டுல ஒரு ரூம்ல சத்தம் வந்தா மத்த இடத்துல எரியணும். அவ்ளோதான். அந்த சத்தம் கேக்கற போர்டு இங்கதான் வாங்கினேன். அப்ப கண்ணாடி போட்டவர் ஒருத்தர் இருந்தார். உங்க தம்பியா? அவர் மேல தப்பே இல்ல. போர்டு கல்லு மாதிரி இருக்கு. லைட்டுதான் சாகுது.

எப்படிக் குடுத்தேன்னு சொன்னா திட்டுவீங்க. வாங்கின அன்னிக்கு எரியுதான்னு பாக்க, காசு மாதிரி வட்டமா இருக்குமே, அந்த பேட்டரில ஒரு லைட்ட நேரா சொருகினேன். கரண்ட்ட அடக்கி விடற ரெசிஸ்டரே இல்ல. ரெண்டு நாளு ஜம்முனு எரிஞ்சுது. அடப் போய்யா, ரெசிஸ்டர்னு இவங்க சும்மா ஒண்ணத் தலைல கட்டறாங்கன்னு நெனச்சேன். சிரிங்க, பரவால்ல. ஓ, அந்தக் குட்டி பேட்டரிக்கே மூச்சு கம்மியா? அதுக்கு மேல அதால தள்ள முடியாதா? அதுல பொழச்சத நம்பித்தான் நான் பெரிய அடாப்டர் போட்டேன். பன்னெண்டு வோல்ட்டு.

இல்லல்ல, அதுக்கு ரெசிஸ்டர் போட்டேன். ஒண்ணு. நாலு லைட்டுக்கும் சேத்து ஒண்ணு. ஹால்ல ஒரு லைட்டு, அடுப்படில ஒண்ணு, துணி காயப்போடற இடத்துல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு. நாலு பேருக்கு ஒரு காவக்காரன் போதாதான்னு கணக்கு. அப்புறம் மத்தியானத்துல அடுப்படி ஜன்னல் வெயில்ல லைட்டு சரியாத் தெரியலன்னு வீட்டுல சொன்னா. உடனே அந்த ரெசிஸ்டரக் கழட்டிட்டு இன்னும் சின்ன மதிப்புல ஒண்ணு போட்டேன். பளிச்சுன்னு எரிஞ்சுது. அவளுக்கு அவ்ளோ சந்தோஷம். தொட்டுப் பாத்தேன், ரெசிஸ்டர் சுட்டுது. சுட்டா சுடட்டும்னு விட்டுட்டேன்.

இருங்க, இருங்க. திரும்பச் சொல்லுங்க. ஒண்ணு செத்தா அதோட பங்கும் மத்த மூணு மேல ஏறுமா? அடுத்தது செத்தா மிச்ச ரெண்டு மேலயா?

அப்ப அதான் நடந்திருக்கு. திங்கக்கிழம பாத்ரூம் லைட்டு எரியலண்ணே. என் கண்ணாலயே பாத்தேன். இன்னும் மூணு இருக்கேன்னு விட்டேன். நிதானமா ஒரு நாள் மாட்டிக்கலாம்னு விட்டேன். செவ்வாக்கிழம மூணும் காலி.

புதுசு மாட்டிட்டேன், அதே மாதிரிதான். அதான் பயமே. நாளைலருந்து நான் வேலைக்குப் போகணும். காலைல போனா சாயந்தரம்தான் வருவேன். இதுல பெரிய கொடும என்ன தெரியுமா? லைட்டு எரியலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். லைட்டு செத்துப்போனாலும் எரியாது. ரெண்டும் ஒரே இருட்டுதான. எந்த இருட்டு எதுன்னு எப்படித் தெரியும்?

ஆளுக்கொரு ரெசிஸ்டர். சரி. ஒரு கிலோ ஓம். பாதி கரண்ட்டுதான் போகும், வருஷக்கணக்குல வரும். சரி. வெயில்ல தெரியலன்னா கரண்ட்ட ஏத்தாம, லைட்டச் சுத்தி ஒரு கருப்புக் குழாத்துண்டு மாட்டணும். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

என்னது? மாத்திப் போடறதா?

எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், சத்தம் வந்தா அணையும். போர்டுல ஒயர அடுத்த முனைக்கு மாத்தினா போதும். அப்ப லைட்டு செத்தாலும் இருட்டு, கரண்ட்டு போனாலும் இருட்டு, சத்தம் வந்தாலும் இருட்டு. எதுவா இருந்தாலும் அவ எந்திரிச்சுப் போய்ப் பாத்துடுவா.

அண்ணே, இத நீங்க ஒரு வாரம் முன்னாடி சொல்லிருக்கக் கூடாதா.

இல்ல, நல்ல யோசனதான். மாட்டேன்னு சொல்லல. ஆனா இத மாட்டினா ஏன் மாத்தறன்னு கேப்பா. அவளுக்கு செவ்வாக்கிழம நடந்தது தெரியாது.

யாருன்னா, என் பொண்டாட்டிதான். அவளுக்குக் காது கேக்காதுண்ணே, பொறந்ததுலருந்தே. குழந்தைக்கு இப்ப மூணு மாசம். நான் ரூம்ல இல்லன்னா குழந்த நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. சாப்பிட மாட்டா, தலை சீவ மாட்டா. இந்த லைட்டு வந்த அப்புறம்தான் எந்திரிச்சு நடமாடினா. செவ்வாக்கிழம நான் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போட்டுட்டு வரேன், மாடிப்படிலயே அழுகை கேக்குது. அழுகைன்னு கூட சொல்ல முடியாது, தொண்ட கட்டி வெறும் காத்துதான் வருது. அவ அடுப்படில காய் நறுக்கிட்டிருக்கா. நறுக்கறா, நிமிந்து லைட்டப் பாக்கறா, திரும்ப நறுக்கறா. என்னப் பாத்து சிரிக்கறா. எவ்ளோ நேரம் அழுதுதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. குழந்தையத் தூக்கிட்டு வந்து, இப்பத்தான் முழிச்சுதுன்னு சொன்னேன்.

தெரிஞ்சா மறுபடி நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாண்ணே. அதுக்குத்தான் சொல்லல. அதுக்கு மட்டும்தானான்னா, இல்ல. பாத்ரூம் லைட்டு செத்தது எனக்குத் தெரியும்ல.

ஏன் வாசலப் பாக்கறீங்க? ஆமா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறாளே, அவதான். உதட்டப் பாத்தே முக்காவாசி படிச்சுடுவா. அதான் நான் இப்படி நிக்கறேன்.

கைய ஆட்டறாளா?

நாலு ரெசிஸ்டர் குடுங்கண்ணே. பேப்பர்ல மடிக்க வேணாம், அப்படியே கைல குடுங்க. ஏன் நாலுன்னுதான் மொதல்ல கேப்பா. சரி, திரும்பறேன். செவ்வாக்கிழம நடந்தத வாய நல்லாத் தொறந்து மெதுவாச் சொல்லணும், இல்லன்னா அவளுக்குப் புரியாது.