சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத்தின் அன்புத் தலைவி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் முதியோர்களே, "உங்க பிள்ளை என்ன வேலை பாக்குது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சொல்லிச் சமாளித்தே எட்டு ஆண்டுகளை ஓட்டிவிட்ட தாய்மார்களே, தந்தையரே, எங்கள் விளையாட்டை வாழ்த்தியும் வைதும் வளர்த்தெடுத்த ஆட்டக்காரப் பெருமக்களே, மேடையில் எவரும் விளிக்காத ஒலிபெருக்கிக்காரரே, உம்மை நான் விளிக்கிறேன், ஏனெனில் அடுத்த பதினைந்து நிமிடம் என் குரல் உம் கையில் இருக்கிறது, அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

மேடையில் ஒருவன் "சுருக்கமாகப் பேசுகிறேன்" என்றால், அவன் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். ஆனால் இன்று நான் சொன்ன சொல் தவற மாட்டேன். ஏழு மணிக்கு நான் ஒரு வீட்டில் இருந்தாக வேண்டும். இந்த மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதையும் பார்க்கிறீர்கள். நான் ஏழு மணிக்குப் போவதற்கும் அந்த நாற்காலி காலியாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். அதை முடிவில் சொல்கிறேன். அதுவரை யாரும் எழுந்து போகாமல் இருக்க எனக்கும் ஏதாவது ஒரு தந்திரம் வேண்டாமா?

'குடித்தனம்' என்னும் எங்கள் விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். திரைக்குள் ஒரு வீடு. வீட்டுக்குள் விரல் உயரத்தில் மனிதர்கள். அவர்களைச் சமைக்க வைக்கலாம், குளிக்க வைக்கலாம், வேலைக்கு அனுப்பலாம், பக்கத்து வீட்டாரோடு சண்டை மூட்டிவிடலாம். அங்கே பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நீங்கள் எதை அதிகம் செய்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மனிதர்கள் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. பேசுவது அவர்கள், பிழைப்பது நான்.

அவர்களுக்குக் கட்டில் இருந்தது, கடல் இல்லை. மெத்தை இருந்தது, மலை இல்லை. பாத்திரம் இருந்தது, பயணம் இல்லை. எட்டு ஆண்டுகளாக நீங்கள் கேட்டீர்கள், எழுதினீர்கள், கெஞ்சினீர்கள்: "எங்க ஆளுங்களை வெளியூர் அனுப்புங்களேன்." அதற்காக நாங்கள் செய்ததுதான் இன்று வெளியாகும் 'ஊர்சுற்றி' என்னும் எக்ஸ்பான்ஷன். எக்ஸ்பான்ஷன் என்றால் என்ன என்று முன்வரிசையில் ஓர் அம்மா மகனைக் கேட்கிறார். கட்டிய வீட்டுக்கு மாடி எடுப்பது போல, அம்மா. கீழே எல்லாம் அப்படியே இருக்கும், மேலே புதிதாக நாலு அறை.

அந்த நாலு அறையில் என்னவெல்லாம் வைத்தோம்? பனி பொழியும் மலை வைத்தோம். பாய்மரம் ஆடும் துறைமுகம் வைத்தோம். இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் பெட்டி வைத்தோம். இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாம் ஆயத்தம். வெளியிடும் நாளும் குறித்தாயிற்று. பிறகு ஏன் தள்ளிப் போட்டோம்? தள்ளிப் போட்டதற்கு நீங்கள் எங்களை வைதீர்களே, சிலர் என் தாயையும் சேர்த்து வைதீர்களே, அந்தத் தாமதத்துக்குக் காரணம் யார்? என் அக்கா.

என் அக்கா ஓட்டல்களுக்குத் திரைச்சீலை தைப்பவள். எந்த ஊர் ஓட்டலில் எந்த மாடியில் ஜன்னல் எத்தனை அடி என்று கேளுங்கள், டேப்பைத் தொடாமல் சொல்வாள். அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள், அவளுக்குத் தெரியாது. எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தையல் மெஷினும் அம்மாவின் கட்டிலும் ஒரே அறையில். இரண்டுக்கும் நடுவே அக்கா. பதினோரு ஆண்டுகளில் அவள் போன நெடும்பயணம், துணிக்கடை வரைக்கும்.

தைத்து ஓய்ந்த நேரத்தில் அவள் 'குடித்தனம்' ஆடுவாள். நான் கொடுத்த பழைய கணினியில், நூல்கண்டுகளுக்கு நடுவே. அவளுடைய திரைவீட்டில் இரண்டே பேர், ஒரு மகளும் ஒரு தாயும். அந்தத் தாய் எப்போதும் ஜன்னலோர நாற்காலியில்தான் இருப்பாள். ஆறு ஆண்டுகளாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, கவனித்ததில்லை.

முதலில் குறித்த வெளியீட்டு நாளுக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது 'ஊர்சுற்றி'யை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா, உன் ஆளுங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போ," என்றேன். கடற்கரையைத் தேர்ந்தெடுத்தாளாம், மூன்று நாள். திரைக்குள் அந்த மகள் நீந்தினாள், தொப்பி வாங்கினாள், மணலில் படுத்து உறங்கினாள். பிறகு வீடு திரும்பினாள். தாய் அதே நாற்காலியில் இருந்தாள். அவள் தலைக்கு மேலே பசிக்கான சிவப்புக் குறி எரிந்துகொண்டிருந்தது. செடிகள் கருகியிருந்தன. மூன்று நாளாக அவளுக்கு ஒருவரும் ஒரு வாய் ஊட்டவில்லை.

மறுநாள் நான் போனபோது அக்கா அந்தத் திரையை அணைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். கோபமில்லை, குரல் உயரவில்லை. "ஒரே ஒரு தடவை போனேன்டா. மூணு நாளு. பாத்தியா?" என்றாள். விரல் உயர மகளுக்காக அவள் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அலுவலகத்தில் கூடினோம். எங்கள் பரிசோதகரை நாங்கள் 'சல்லடை' என்போம். அவரைத் தாண்டி ஒரு பிழை போய்விடாது. ஆனைக்கும் அடி சறுக்கும், சல்லடைக்கும் ஓட்டை விழும். பயணத்தைச் சோதிக்க அவர் பதினேழு திரைவீடுகளை வைத்திருந்தார். பதினேழையும் விரித்துக் காட்டினார். ஒரு வீட்டில்கூட நோயாளி இல்லை, கைக்குழந்தை இல்லை, ஒரு மீன்தொட்டிகூட இல்லை. ஏன்? அந்த அறையில் இருந்த நாங்கள் எல்லோருமே, கதவை இழுத்துச் சாத்தினால் வீடு பத்திரமாகக் காத்திருக்கும் பேர்வழிகள். விட்டுப் போக முடியாத ஓர் ஆள் வீட்டில் இருப்பார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாய் படுக்கையில் இருக்கும் எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

நிரல் எழுதும் தம்பி ஒருவன் எழுந்தான். "சின்ன விஷயம்ணா. அவங்க வெளியூர்ல இருக்கிற வரைக்கும் வீட்டுல நேரத்தை நிறுத்திடலாம். யாருக்கும் பசிக்காது." அன்று மாலையே முடித்தும் கொடுத்தான். தலைகால் புரியாத மகிழ்ச்சியோடு அக்காவிடம் கொண்டு ஓடினேன். அவள் பார்த்தாள், சிரித்தாள்.

"நான் போனா வீடு நின்னுடுமாடா? அம்மாவுக்குப் பசி நின்னுடுமா? இது பொய்டா."

"அப்ப என்னதான்க்கா வேணும்?"

பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "வேற என்ன? போறப்ப சாவியை யாருகிட்டயாவது குடுத்துட்டுப் போகணும்."

இவ்வளவுதான். முப்பது பேர் மூளையைக் கசக்கியும் வராத ஒன்று, நூல் கடிக்கிற நேரத்தில் வந்துவிட்டது. தலைவி அவர்களிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாவி வாங்குறவங்க என்ன செய்வாங்க, என்ன பேசுவாங்கன்னு எழுதுங்க. தேதியை நான் பாத்துக்கிறேன்," என்றார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். அதற்காக இந்த மேடையிலேயே என் இரு கரம் கூப்புகிறேன்.

எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்; அதை நாற்பது விதமாக எழுத வேண்டும். காதலை நானூறு விதமாக எழுதியவன் நான். ஊடலை உட்கார்ந்த இடத்தில் எழுதியவன். ஒரு வரி வரவில்லை, தோழர்களே. ஏன் வரவில்லை? என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல், "எங்கயாவது நாலு நாள் போயிட்டு வாயேன்க்கா" என்றேன். சொல்லிவிட்டு அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை என்பார்களே, அந்தத் தம்பியைப் பார்க்க விரும்புவோர் இதோ பார்க்கலாம். நான் போட்டதெல்லாம் வாய்ப்பந்தல். அதன் நிழலில் என் அக்கா பதினோரு வருடம் வெயிலில் காய்ந்தாள்.

எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அங்கே ஒரு தாய் தலையாட்டுகிறார். உங்களுக்கும் ஒரு தம்பி இருக்கிறான் போலிருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள், எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்துதான் ஊட்ட வேண்டும். மாத்திரையை நுணுக்கிக் கொடுக்க வேண்டும். நீலக் கோப்பையில் கொடுத்தால் தண்ணீர் குடிக்க மாட்டாள், ஏனென்று தெரியாது, கேட்கக் கூடாது. நாலு பக்கம் நிறைந்தது.

"விளையாட்டுக்கு எதுக்குடா இவ்வளவு?" என்றாள்.

"விளையாட்டுக்கு இல்லக்கா. நீ போ. நான் பாத்துக்கிறேன்."

மெஷின் நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். 'வேண்டாம்' என்பாள் என்று நினைத்தேன், 'உனக்கு எதுக்குடா சிரமம்' என்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை நாளு?"

பதினோரு ஆண்டுகள், அன்பர்களே. நான் வாய் திறந்து சொல்வதற்காகவே காத்திருந்தவள் போல, "எத்தனை நாளு?" நான் ஒரு வாரம் என்றேன், அவள் நாலு நாள் போதும் என்று பேரம் பேசிக் குறைத்தாள்.

இரண்டு சனி, ஞாயிறு அம்மாவோடு பழகிப் பார்த்தேன். முதல் நாள் வலப்பக்கம் உட்கார்ந்து ஊட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். நுணுக்கிய மாத்திரையை என் சட்டையிலேயே துப்பினாள். பேச்சு குறைந்துபோன அம்மாவிடம் மிச்சம் இருக்கும் சொற்கள் ஏழோ எட்டோதான். அதில் ஒன்றை என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "போ." நான் போகவில்லை. நாலாவது நாள் மூன்று வாய் வாங்கினாள். எந்த விருதுக்கும் நான் அப்படி மகிழ்ந்ததில்லை.

பிறகுதான் அந்த நாற்பது வரிகளும் வந்தன. இன்று முதல் நீங்கள் 'ஊர்சுற்றி'யில் பயணம் என்பதை அழுத்தினால், பெட்டி உடனே உருளாது. சாவி யாருக்கு என்று விளையாட்டு உங்களைக் கேட்கும். நீங்கள் யாரோடு சண்டை மூட்டிவிட்டீர்களோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமே போய் நிற்க நேரலாம். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள், அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

வெளியூர் போக என்ன வேண்டும்? பெட்டி வேண்டும் என்பார்கள், அதைக் கடையில் வாங்கலாம். சீட்டு வேண்டும் என்பார்கள், அதை முன்பதிவு செய்யலாம். நெஞ்சில் துணிவு வேண்டும் என்பார்கள், அது என் அக்காவிடம் இருந்தது, எப்போதும் இருந்தது. இல்லாதது எது? சாவியை வாங்கிக்கொள்ள நீண்ட ஒரு கை. இங்கே இருக்கும் தம்பிமார்களே, அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளே, இனி எவரிடமும் "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பாதிப் பேச்சு. "நான் பாத்துக்கிறேன்" என்ற மீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னால் செய்யுங்கள்.

மணி ஆறரை. சொன்ன சொல்லுக்கு வருகிறேன். இதோ என் சட்டைப்பையில் இருப்பது அக்கா வீட்டுச் சாவி. அவள் போய் இன்று மூன்றாம் நாள். கடலோர ஊர் ஒன்றில், தானே திரை தைத்துக் கொடுத்த ஓட்டலில், இரண்டாவது மாடியில் தங்கியிருக்கிறாள். காலியாக இருக்கும் அந்த நாற்காலி நம் சல்லடைக்கு உரியது. பாராட்டு வாங்க வேண்டிய வேளையில் அவர் என் அம்மாவின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். "நீங்க போய்ப் பேசிட்டு வாங்க, ஏழு மணி வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றார். சற்றுமுன் செய்தியும் அனுப்பினார், என் நாலு பக்கக் குறிப்பில் மூன்று பிழை இருக்கிறதாம். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், நான் போய்ச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் அக்கா ஆறு முறை போன் செய்தாள். ஆறு முறையும் முதல் கேள்வி, "அம்மா சாப்பிட்டாங்களா?" நேற்று மூன்று முறை, அதே கேள்வி. இன்று காலை ஒருமுறை அழைத்தாள். திரைச்சீலையின் அடித்தையல் ஓரிடத்தில் பிரிந்திருக்கிறது என்றாள், ஊசி கேட்டு வாங்கித் தைத்துவிட்டேன் என்றாள். "திறந்து வெளிய பாத்தியாக்கா?" என்றேன். "பாத்துட்டேதான்டா இருந்தேன், இப்ப கரைக்கே வந்துட்டேன். கடல் இவ்வளவு சத்தம் போடும்னு நீங்க விளையாட்டுல வைக்கலியே," என்றாள். அந்தச் சத்தத்தை எனக்கும் கொஞ்சம் கேட்க வைத்தாள். பிறகு, காலுக்குத் தண்ணி வருதுடா, வெக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா சாப்பிட்டாங்களா என்று அவள் கேட்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக என் அக்கா கேட்க மறந்துவிட்டாள்.

அம்மா சாப்பிட்டாள், அக்கா. இடப்பக்கம் உட்கார்ந்துதான் ஊட்டினேன்.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோர்க்கும், தாய்மார்க்கும், தாமதம் பொறுத்த ஆட்டக்காரர்களுக்கும், குரல் தந்த ஒலிபெருக்கிக்காரருக்கும் என் நன்றி. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரமாகிறது, சாவியோடு புறப்படுகிறேன். வணக்கம்.