அந்தரத்தில் நின்ற பதினோரு டன்

என் பெயர் மாதவி. கணவர் பெயர் வெங்கடநாராயணன். என் வயது 34. பவானிபூரில் குடியிருக்கிறேன். கிரேன்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் சிறு நிறுவனமொன்றில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எனக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. ஆகவே நான் தமிழில் சொல்வதைத் துறைமுக அலுவலக எழுத்தர் அனந்தகிருஷ்ணன் எழுதிக்கொள்ள, 20.11.2004 அன்று முற்பகல் காவல் உதவி ஆய்வாளர் முன்னிலையில் இதைக் கூறுகிறேன்.

கிடர்பூரில் உள்ள தனியார் சரக்கு யார்டின் கிரேனுக்கு மூன்று பெட்டிகள் பொருத்தினோம். ஒன்று ஓட்டுநர் அறையில், ஒன்று கொக்கியை ஏற்றி இறக்கும் மோட்டாரருகே, ஒன்று தரையில் சிவப்புப் பொத்தானுள்ள கம்பத்தில். மூன்றும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் பெரிய எண் தானாக ஒதுங்கிக்கொள்ளும், சிறிய எண்ணின் செய்தி சிதையாமல் போய்ச் சேரும். ஆகவே தரையிலிருந்து வரும் ‘நிறுத்து’ செய்திக்கு எண் ஒன்றைக் கொடுத்தேன். எந்தப் பெட்டி எந்த எண்ணை அனுப்ப வேண்டும், எதை ஏற்க வேண்டும் என்று சிப்பில் எழுதியவள் நான்தான்.

காளி பூஜைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது. என் சோதனைப் பட்டியலில் இருந்தவை எல்லாம் சரியாக வந்தன. அதன் பிறகு கிரேன் ஓட்டுநர் நிமாய் மண்டல் கீழே இறங்கி வந்து கையெழுத்திட மறுத்தார். வங்காளத்தில் அவர் என்னிடம், “தீதி, நான் லீவரை முழுசா இறக்கத்துல வெச்சிருக்கேன். அப்போ கீழேருந்து சிவப்பை அமுக்கச் சொல்லுங்க. எனக்கு மேல ஏதாவது ஆயிட்டா நிக்குமான்னு தெரியணும்” என்றார். அது என் பட்டியலில் இல்லை. அவர் மேலே ஏறி லீவரைத் தள்ளிய பிறகு நானே பொத்தானை அழுத்தினேன். வெறும் கொக்கி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் லீவரைத் திருப்பித்தான் நிறுத்தினார்.

தரைப் பெட்டியோ செய்தி சரியாகப் போனதாகக் காட்டியது. கம்பியில் உள்ள ஏதாவது ஒரு பெட்டி பிழையில்லாமல் கேட்டாலே அந்த ஒப்புதல் வந்துவிடும். வேண்டிய பெட்டி அதை எடுத்துக்கொண்டதா என்பது வேறு விஷயம். என் மேலதிகாரி பட்டாபி கணினியில் பார்த்துவிட்டு, “மோட்டார் பெட்டியோட சல்லடையைப் பாரும்மா. ஓட்டுநர் நம்பரை மட்டும்தான் உள்ள விடறது. ஒண்ணாம் நம்பரை வாசல்லயே தள்ளிடறது” என்றார். பிழை என்னுடையது. அன்றே மோட்டார் பெட்டியில் ஒன்றாம் எண்ணைப் பெறுவதற்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கினேன். அதன் பிறகு நிமாய் ஏழு முறை சோதித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

17.11.2004 அன்று காலை பத்தரை மணிக்கு வாராந்திரப் பார்வைக்காக யார்டில் இருந்தேன். பதினோரு டன் இயந்திரப் பெட்டி ஒன்று லாரியின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. லாரியின் மீது நான்கு பேர் நின்றார்கள். திடீரென வேகம் கூடியது. சிக்னல்காரர் மஹாதேவன் கை காட்டினார், நிற்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். நிமாய் லீவரின் மேல் மார்பு அழுந்தக் கவிழ்ந்து கிடந்தார். மஹாதேவன் கம்பத்துக்கு ஓடிப் பொத்தானை அறைந்தார்.

இயந்திரப் பெட்டி நின்றது. அதன் அடியிலிருந்து மரத்தூள் உதிர்ந்து ஒருவரின் தலையில் விழுந்தது. அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கையை உயர்த்தியபோது உள்ளங்கை பெட்டியின் அடிப்பலகையில் பட்டது.

அதன் பிறகு நால்வரும் இறங்கினார்கள். நிமாயைக் கீழே கொண்டுவரப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லீவர் அவர் உடலின் கீழ் அழுந்தியே இருந்தது. ஓட்டுநர் அறைப் பெட்டி விநாடிக்கு நூறு முறை ‘இறக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை. அத்தனையையும் கேட்டும் மோட்டார் பெட்டி ஒன்றுக்கும் அசையவில்லை. ‘நிறுத்து’ வந்த பிறகு எதற்கும் அசையாதே என்று அதற்கு எழுதிக் கொடுத்தவள் நான். இருந்தும் அந்தரத்தில் நின்ற அந்த இயந்திரப் பெட்டியின் அடியில் போக எனக்குக் கால் வரவில்லை. கம்பத்தின் அருகே, இரண்டு மெல்லிய கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

நிமாய்க்கு மாரடைப்பு என்று மருத்துவர் கூறியதாக அறிந்தேன். நேற்று அவருக்கு நினைவு திரும்பிவிட்டது. அவர் வேலையில் தூங்கிவிட்டதாக யார்டு மேலாளர் புகார் கொடுத்திருக்கிறார். அது சரியல்ல. அவர் அந்தச் சோதனையைக் கேட்காதிருந்தால் என் பிழை அப்படியே இருந்திருக்கும், நால்வரும் இறந்திருப்பார்கள்.

எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். என் பிழையைப் பற்றிய பகுதி வழக்குக்கு அவசியமில்லை, விரும்பினால் நீக்கலாம் என்று உதவி ஆய்வாளர் கூறினார். நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் கண்டதையும் செய்ததையும் உள்ளபடி சொல்லியிருக்கிறேன் என்பதற்கு இது என் கையொப்பம்.

(ஒப்பம்) வெ. மாதவி