பதினோரு இழை

18.11.2024 திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் சத்யப்ரியா அவர்கள் முன் ஆஜராகிச் சொன்னது.

என் பெயர் அம்சா. வயது 46. கணவர் பெயர் காலஞ்சென்ற வீராசாமி. காலஞ்சென்ற என்று போடச் சொன்னது எழுத்தர், ஐந்து நாளாகத்தான் அப்படி. காஞ்சிபுரம் மாவட்டம் திருப்புட்குழி காலனித் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். பட்டு நெசவு செய்கிறேன். எனக்கு ஒரே மகள் சிம்ரன், வயது 23, ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். கடந்த 13ஆம் தேதி மாலை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் என் கணவர் மாலை ஐந்து மணிக்கு இறந்ததாகச் சொன்னேன். அது பொய். இப்போது யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானே வந்து அதைத் திருத்துகிறேன்.

நாங்கள் தலைமுறையாகத் தறி போட்டவர்கள் இல்லை. மாமனார் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். என் கணவர் இருபது வயதில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, வீட்டுக்குள் குழி தோண்டித் தறி போட்டார். அங்கே பட்டுக் கடை வைத்திருக்கும் முனிரத்தினம் என்பவர் தறியில் நீளவாக்கில் கட்டும் பட்டு நூலான பாவும் ஜரிகையும் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வோம். நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. அதில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஒவ்வொரு இழைக்கும் உடலையும் கரையையும் கோர்க்க வேண்டும். அதற்குத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குழியில் உட்கார்ந்து நெய்ய, மற்றவர் வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை, அதாவது கரை இழையை ஓட்டும் கட்டையை, மட்டும் போடுவார். அவர் குழியிலும் நான் கரைப் பக்கமுமாகப் பல வருடம் நெய்தோம்.

2018ஆம் வருடக் கடைசியில் மாமனார் எங்கள் வீட்டில் இறந்தார். அப்போது தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதி நெய்தபடி இருந்தது. சாவு விழுந்த வீட்டில் தறியில் இருந்த சேலையைக் கல்யாணத்துக்கு வாங்கமாட்டார்கள், சேலை வெளியே போன பிறகு சாவு விழுந்தால் தீட்டு இல்லை. முனிரத்தினம் ஆள் அனுப்பிச் சேலையைப் பாதியில் அறுத்து, மீதிப் பாவையும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு எட்டு மாதம் எங்களுக்குப் பாவு கொடுக்கவில்லை. செத்தது கிழவர், தண்டனை எங்களுக்கு. அந்த எட்டு மாதத்தில்தான் என் கணவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். அங்கேதான் 2019 மே மாதம் கல் சுமந்துகொண்டிருக்கும்போது விழுந்தார். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் செயலிழந்து போய்விட்டன. பேச்சும் குழறிப்போனது, நான் மட்டும்தான் புரிந்துகொள்வேன்.

அதன் பிறகு நான் குழியில் இறங்கினேன். அப்போது எனக்கு வயது 41. பொம்பளை என்ன கோர்வை நெய்வாள் என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் இரண்டு மாதம் பருத்தி நூலில் நெய்து பழகியதெல்லாம் கோணல், அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே தப்பு நடக்கும்போதெல்லாம் இடது கையால் தரையைத் தட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அவர் தட்டியது ஒருநாளும் தவறாக இருந்ததில்லை. அதன் பிறகு அவரே எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி இடது கையால் கரை நாடாவைப் போடக் கற்றுக்கொண்டார். முனிரத்தினத்திடம் நான் நெய்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் மறுபடி பாவு கிடைத்தது. ஐந்து வருடம் இப்படியே நெய்து, மகளையும் படிக்க வைத்தோம்.

13.11.2024 புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தறியில் உட்கார்ந்தோம். கார்த்திகை முகூர்த்தத்துக்கான சேலை, அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கு அவருக்கு இட்லி ஊட்டி மாத்திரை கொடுத்தேன். அதன் பிறகு மறுபடி நெய்தோம். சுமார் பத்தரை மணிக்கு அவர் பக்கத்து நாடா வரவில்லை. மாத்திரை போட்டால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவது வழக்கம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நடக்கும். எனக்கு அவசரம், கோபமும் வந்தது. திரும்பிப் பார்க்காமல், "தூங்கினுகிறியா, தூங்கு" என்று சொல்லிவிட்டு, எட்டி அவர் நாடாவையும் நானே போட்டுக்கொண்டு நெய்தேன். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தலை என் தோள் பக்கம் சரிந்தது. தறியை நிறுத்திவிட்டு எழுந்து மூக்கில் கை வைத்தேன், நெஞ்சில் காது வைத்தேன். ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் அந்த உடம்பைக் குளிப்பாட்டியவள், எனக்குத் தெரியும். கத்த வாய் திறந்தேன். அப்போது தறி கண்ணில் பட்டது. சேலை முடிய ஒரு சாண் பாக்கி இருந்தது. நான் கத்தினால் தெரு கூடும், சேலை அறுபடும், மறுபடி எட்டு மாதம் பாவு வராது. சூளைக்குப் போக இந்த முறை வீட்டில் நான்தான் இருக்கிறேன். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு அவரைப் பாயில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்த்தி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஏன் திருப்பினேன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு மறுபடி தறியில் உட்கார்ந்து தனியாக நெய்தேன்.

சுமார் பன்னிரண்டரை மணிக்கு என் கணவரின் தம்பி ராமராஜன் வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பக்கத்துத் தெருவில் இருக்கிறான். வாசலில் நின்று, "இன்னா அண்ணி, அண்ணன் தூங்கினுக்குதா?" என்று கேட்டான். நான் தறியை விட்டு எழாமல், "இப்பத்தான்பா கண்ணசந்துச்சு, எழுப்பாத" என்று சொன்னேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கிருந்தே கொஞ்ச நேரம் அண்ணனைப் பார்த்தான். கையில் இருந்த வாழைப்பழச் சீப்பை நிலைப்படி ஓரம் வைத்துவிட்டு, "எழுந்தா குடு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்குச் சேலை முடிந்தது. அறுத்து மடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சின்ன காஞ்சிபுரம் போய் முனிரத்தினத்திடம் கொடுத்தேன். அவர் சேலையைப் பார்த்து, "நல்லாக்குது. வீராசாமி எப்படிக்கிறான்?" என்று கேட்டார். இருக்கிறார் என்று சொன்னேன். தை மாத முகூர்த்தத்துக்கு அடுத்த பாவு அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு திரும்பி வந்து கதவைத் திறந்து, ஐந்து மணிக்குத்தான் அழுதேன். அழுகை மட்டும் பொய் இல்லை.

அழுகை கேட்டு வந்தவர்கள் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், போகும்போதே உயிர் இல்லாததால் அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. அதன் பிறகு அங்கே உடலைச் சோதித்த மருத்துவர், மாரடைப்பால் காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்று எழுதியதாகத் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்ட ராமராஜன், தான் வந்தபோது அண்ணனுக்கு உயிர் இருந்தது, நான் வேண்டுமென்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சாக விட்டேன் என்று புகார் கொடுத்திருக்கிறான். சுடுகாட்டில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிம்ரனும் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவன் வந்தபோது உயிர் இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அந்தச் சேலைதான் சாட்சி. அவர் இடது கையால் போடுவதால் இழையை இறுக்கி இழுப்பார், அவர் போட்ட வரைக்கும் வலது ஓரம் ஒரு நூலளவு உள்ளே வாங்கியிருக்கும். நான் போட்ட இடத்தில் ஓரம் நேராக இருக்கும். தறி நின்று மறுபடி ஓடினால் அந்த இடத்தில் மெல்லிய கோடு விழும். அவர் கை நின்ற இடத்துக்கும் நான் எழுந்து பார்த்த கோட்டுக்கும் நடுவில் பதினோரு இழை இருக்கிறது. அறுப்பதற்கு முன் எண்ணினேன். பதினோரு இழைக்கு நாலு நிமிடம் ஆகும். கோட்டுக்கு மேலே ஒரு சாண் முழுக்க ஓரம் நேராக இருக்கும், தனியாக ஒரு சாண் நெய்ய நாலு மணி நேரம் ஆகும், மூன்று மணிக்கு முடிந்தது என்றால் அவர் கை ராமராஜன் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. தறி தெரிந்த யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் இதைச் சொல்வார்கள்.

சேலையை வரவழைத்தால் விஷயம் கடைக்குத் தெரிந்துவிடும், மருத்துவ அறிக்கையே வழக்குக்குப் போதும், இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று உதவி ஆய்வாளர் என் நல்லதுக்குக் கேட்டார். எழுதுங்கள் என்றேன். அறிக்கை நிலையத்துக்குப் போதும், ராமராஜனுக்குப் போதாது. கூடப் பிறந்த அண்ணனின் பிணத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்று நம்பிப் போனவன் அவன், நம்ப வைத்தவள் நான். சேலை கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முன் வரவழைத்து, அவன் முன்னால் விரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு முனிரத்தினம் எனக்குப் பாவு தரமாட்டார் என்று தெரிந்தே கேட்கிறேன். நாற்பத்தொரு வயதில் குழியில் இறங்கியவள், நாற்பத்தாறில் வேறு எதிலாவது இறங்கிக்கொள்வேன்.

நான் திரும்பிப் பார்க்காமல் போட்ட அந்தப் பதினோரு இழை நேரத்தில் அவருக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்று ராமராஜன் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

மேலே கண்டதை எழுத்தர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. முதல் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு இதையே உண்மையாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வீ. அம்சா