பயம் பார்த்து அனுப்பியவருக்கு

பேர் பேராய்ப் படித்து, பிழை ஒன்றுக்கே பதறி, பிறர் வீட்டுத் துயரத்தை மடியில் நெருப்பாய்ச் சுமந்த பெருந்தகையே! இந்தப் பரிசோதனை நிலையத்தின் அலுவலக அறையில், ஜன்னலோர மேசையில், முடி கறுத்திருந்த நாள் முதல் நரைத்துவிட்ட இந்நாள் வரை நேரம் தவறாமல் வந்தமர்ந்த நேர்மையே! மேலாளர் முதல் இரத்தக் குப்பிகளைச் சுமந்து வருபவர் வரை எல்லோரும் ‘பெரியக்கா’ என்றே அழைத்துப் பழகிய எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரே! இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் பணியாற்றியவர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

இத்தகைய மடல்களில் அஞ்சா நெஞ்சம் என்று புகழ்வார்கள். உங்களை அப்படிச் சொன்னால் இந்தக் கூடமே சிரித்துவிடும். லிஃப்டில் தனியாக ஏற மாட்டீர்கள். தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றுவிட்டால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வெளிறிப்போவீர்கள். நாங்கள் பாராட்ட வந்திருப்பது உங்கள் பயத்தைத்தான். கேலியாகச் சொல்லவில்லை, நாங்கள் அதன் நிழலில் பிழைத்தவர்கள்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்பது தெரியும். ஆகவே சற்று நேரம் வேறு யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். அவர் மனதுக்குள் நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தேநீர் வேளைகளில் துண்டு துண்டாகக் கேட்டவைதான். ஒட்டியது மட்டும் நாங்கள்.

அந்தப் பெண்மணியின் காலத்தில் வேலை மூன்று மேசைகளில் நடந்தது. சோதனை முடிவுகளை எக்செல்லில் ஏற்றுபவர் ஒருவர். கை வேகத்துக்காக அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். அதைப் பார்த்து வேர்டில் கடிதம் அடிப்பவர் நம் பெண்மணி. அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவது வரவேற்பு மேசை. மூன்று மென்பொருள்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் இருந்தன. கடிதம் அடிக்கும்போது பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்ற வரி வந்தால் விரல் லேசாகும். ‘உடனே மருத்துவரைப் பாருங்கள்’ என்று அடிக்க நேர்ந்தால், அந்த வீட்டில் இதை யார் முதலில் படிப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு புதிய மேலாளர் வந்தார். மூன்று மேசை வேலையும் ஒரே கிளிக்கில் முடிய வேண்டும் என்றார். எக்செல்லில் இருக்கும் பெயரும் முடிவும் தாமாகக் கடிதத்துக்குள் போய் உட்கார வேண்டும். கடிதம் தானாக அவரவர் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சிக்காரர் மதிய வேளைகளில் வந்தார். கற்றுக்கொள்ள முடியாதவர்களுக்குக் கீழே ஸ்டோரில் இடம் இருக்கிறது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்போடு சொல்லப்பட்டதால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

பயிற்சிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். “இதை இங்க லிங்க் பண்ணிட்டா அதுவா வந்து உட்கார்ந்துக்கும் மேடம்” என்பார். அதுவாக வந்து உட்காரும் என்ற பேச்சுதான் நம் பெண்மணியை உறுத்தியது. தானாக வந்து உட்காருவது, தானாக எழுந்து வேறிடத்துக்கும் போகும் அல்லவா? இதைக் கேட்க நாக்கு நுனி வரை வரும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று விழுங்கிவிடுவார்.

வீட்டில் மகளின் கணினியில் ஒத்திகை பார்த்தார். உறவினர் பெயர்களை எல்லாம் எக்செல்லில் ஏற்றி, எல்லோருக்கும் நலம் விசாரித்து ஒரே கடிதம். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தையும் சித்தப்பாவும் ஒரே பக்கத்துல இருக்கறத இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்” என்றாள். அவருக்குச் சிரிக்க வரவில்லை. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. “பட்டனைத் தொட்டா ஷாக்கா அடிக்குது? ஏம்மா இப்படி நடுங்கற?” என்று மகள் கேட்டாள்.

பதில் பிறகுதான் புரிந்தது. கையால் அடித்த காலத்தில் ஒரு பிழை ஒரு வீட்டோடு நிற்கும். இணைத்துவிட்ட பிறகு, எங்கோ ஓர் இடத்தில் விரல் தவறினால் அது எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும். அப்போது அந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அவர் பயந்தது இயந்திரத்துக்கு அல்ல. யாருமே பார்க்காத அந்த இடைவெளிக்கு.

பயந்துகொண்டேதான் கற்றார். ஒவ்வொரு முறையும் அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு எடுப்பார், மறுபடி வைப்பார். மின்னல் தன் இடத்திலிருந்து, “பெரியக்கா, நல்ல நேரம் முடிஞ்சுடப் போகுது” என்பார். அறை சிரிக்கும். வாரங்கள் போயின. ஒன்றும் தவறவில்லை. மேலாளர் ஒருநாள் அவர் மேசையருகே நின்று, வந்தவர்களிடம் அவரைக் காட்டி, இந்த வயதிலும் எப்படிக் கற்றுக்கொண்டார் பாருங்கள் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

அந்தக் குளிர்ச்சிதான் ஆபத்தானது. அடுத்த வாரத்தில் ஒரு காலை, பெரிய மருத்துவ முகாமின் முடிவுகள் அத்தனையும் அனுப்ப வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்தார், கடிதத்தோடு இணைத்தார், பொத்தானை அழுத்தினார். விரல் தயங்கவில்லை. தண்ணீர் குடிக்கப் புட்டியைத் திறந்தபோதுதான் ஏதோ குறைவதுபோல் இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தோமா என்ற நினைப்பைப் போன்ற ஒன்று. என்ன குறைகிறது என்று தேடினார். பயத்தைக் காணவில்லை. இத்தனை நாள் கூடவே வந்தது எங்கே போயிற்று? அது இல்லை என்று தெரிந்த அந்த நொடியிலேயே திரும்பி வந்தது.

போய்விட்ட கடிதங்களில் ஒன்றைத் திறந்தார். மேலே ஓர் ஆணின் பெயர். கீழே கருப்பைவாய்ப் பரிசோதனையின் முடிவு.

நடந்தது இதுதான். வரவேற்பு மேசையில் பெயர் தேட வசதியாக இருக்கட்டும் என்று மின்னல் அன்று காலை பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தார். பெயர், மின்னஞ்சல் என்ற இரண்டு பத்திகளை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பெயர்கள் எழுந்து வேறு வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. முடிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவருடைய நோய் இன்னொருவருடைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில், அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் எண் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை அது குறையும்போதும் எங்கோ ஒரு கதவை யாரோ தட்டுவதுபோல் அவருக்குக் கேட்டது. எப்படி நிறுத்துவது? அனுப்பக் கற்றுக்கொடுத்தவர் நிறுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கடியில் மண்டியிட்டு, தூசியில் கைவிட்டுத் துழாவி, சுவரிலிருந்து வந்த இணைய வயரைப் பிடுங்கினார். எது தன் கணினியுடையது என்று தெரியாததால் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் பிடுங்கினார்.

கட்டடம் முழுவதும் இணையம் நின்றது. மேலாளர் ஓடி வந்தார். கையில் வயர்க் கற்றையோடு, முழங்காலில் தூசியோடு, நம் பெண்மணி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தார்.

“என்ன பண்ணீங்க பெரியக்கா? ரிசப்ஷன்ல எல்லாம் அப்படியே நின்னு போச்சு.”

“தப்பா போகுது சார்.”

“எது?”

“எல்லாமே.”

போன கடிதங்களுக்கு உரியவர்களை உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர் அழுதுவிட்டு, பிறகு சிரித்துவிட்டு, பிறகு கத்தினார். மேலாளர், யார் இப்படிச் செய்தது என்று கேட்டபோது மின்னலின் முகத்தில் இரத்தமே இல்லை. நம் பெண்மணி முந்திக்கொண்டு, “அனுப்புனது நான்தான் சார். பாக்காம அனுப்பினேன்” என்றார். மின்னல் இந்த வரியை இன்று வாசித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் இதைச் சேர்த்திருக்கிறோம். அன்று தானே எழுந்து உண்மையைச் சொல்ல, அந்தக் குரல்தான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்கிறார்.

ஓர் எண் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஒரு தையல்காரப் பெண். அவருக்குப் போன கடிதத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று இருந்தது. அவருடைய உண்மையான முடிவோ வேறொரு பெயரைச் சுமந்தபடி, வயர் பிடுங்கியதால் போகாமல் நின்ற கடிதங்களுக்குள் கிடந்தது. அதில் இருந்த வரி, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் வரி.

நம் பெண்மணி அதைச் சரியான பெயரோடு அச்செடுத்து உறையிலிட்டு, தானே கிளம்பினார். மேலாளர் வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார். அவர் காதில் விழவில்லை.

கடை ஒரு குறுகிய மாடிப்படியின் உச்சியில் இருந்தது. மெஷின் சத்தத்தில் தொலைபேசி அடித்தது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவர் போனபோது மெஷின்கள் நின்றிருந்தன. பெண்கள் காகிதக் கோப்பைகளில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்காரப் பெண், யாரென்றுகூடக் கேட்காமல் அவர் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தார். “சாப்பிடுங்க அக்கா. பத்து நாளா சோறு இறங்கல எனக்கு. இன்னிக்குத்தான் ரிப்போர்ட் வந்துச்சு. ஒண்ணுமில்லையாம்.”

கோப்பை கையில் உருகியது. கெட்ட செய்தியை எத்தனையோ முறை அடித்திருக்கிறார். கொடுத்த நல்ல செய்தியைத் திரும்ப வாங்க எந்த வரியும் அவருக்குப் பழக்கமில்லை. படிகளில் இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்ததாக அவரே சொன்னார். அந்தப் பெண்ணைத் துணி வெட்டும் மேசைப் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

“அந்த ரிப்போர்ட் உங்களோடது இல்லைம்மா. பேர் மாறிப் போச்சு. நாங்க மாத்திட்டோம்.”

தையல்காரப் பெண் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப என்னோடது யாருகிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான் இருக்கு. கொண்டு வந்திருக்கேன்.”

உறையைப் பிரிக்கும்போது அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் மருத்துவரின் அறைக்கு வெளியே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். சிகிச்சை நீண்டது, வலித்தது, முடிந்தது. அந்த மாடியில் இன்றும் மெஷின் ஓடுகிறது.

இனிப் பெரியக்கா, உங்களிடமே திரும்பி வருகிறோம். அழுகிறவர் அழட்டும், மடல் இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு நீங்கள் பழைய தட்டச்சுக்குத் திரும்பவில்லை. அதுதான் எங்களை வியக்க வைத்தது. மென்பொருள்களைப் பிரித்துவிடலாம் என்று மேலாளரே சொன்னபோது, மனிதர்களையும் அதில் இணைத்தால் போதும் என்றீர்கள். பயிற்சிக்காரரை மறுபடி வரவழைத்து, முதல் கேள்வியாக எப்படி நிறுத்துவது என்று கேட்டீர்கள். அன்று தொடங்கி, அனுப்பும் முன் இருவர் உட்கார வேண்டும் என்றாயிற்று. ஒருவர் ஆய்வகம் கையெழுத்திட்ட தாளிலிருந்து பெயரையும் முடிவையும் உரக்கப் படிப்பார். மற்றவர் திரையில் இருக்கும் கடிதத்திலிருந்து படிப்பார். இரண்டு குரலும் ஒத்துப்போன பிறகே விரல் இறங்கும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பயம் பார்ப்பது’. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் விழிப்பார்கள். “பயம் பாத்தாச்சா?” என்று ஒருவர் கேட்பதும், “பாத்தாச்சு, அனுப்பு” என்று மற்றவர் சொல்வதும் இப்போது இந்த அறையில் மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. யாராவது பயம் பார்க்கச் சலித்துக்கொண்டால் நீங்கள் திட்டியதில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீங்களே படிக்கத் தொடங்குவீர்கள்.

நாளைக் காலை முதன்முறையாக நீங்கள் இல்லாமல் அனுப்பப் போகிறோம். வெளிப்படையாகவே சொல்கிறோம், எங்களுக்கு உதறுகிறது. ஒத்த குரலில் இருவரும் தவறாகப் படித்துவிட்டால்? ஒருநாள் சிரித்துப் பேசிக்கொண்டே விரல் இறங்கிவிட்டால்? மேலாளர் நேற்று எல்லோரும் போன பிறகு உங்கள் மேசைக்கடியில் குனிந்து, எந்த வயர் எதனுடையது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவரையும் நீங்கள் இப்படி ஆக்கிவிட்டீர்கள்.

அன்பு நிறைந்த பெரியக்கா, முகம் தெரியாத மனிதர்களுக்காக இத்தனை ஆண்டுகள் நீங்கள் நடுங்கினீர்கள். தூக்கத்தில்கூடப் பெயர்களை முணுமுணுப்பதாக உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். உடல் நலமும் உள்ளத் தெளிவும் குறைவின்றிப் பெற்று, மகளோடும் மற்றோரோடும் பல்லாண்டு நீங்கள் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்து பலிக்க வேண்டுமானால் நீங்கள் முதலில் தூங்க வேண்டும். ஆகவே உங்கள் பயத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதை நாங்கள் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறோம்.

பெற்றுக்கொண்டோம்.

மேலாளர்
மின்னல்
வரவேற்பு மேசையினர்
ஆய்வகப் பணியாளர்கள்
மற்றும், நாளைக் காலை உங்கள் நாற்காலியில் அமரப் போகிறவர்