சீதன வீட்டு வாசல்

"ஹலோ... ஓம், புனிதம்தான்... ஓம் ஓம், கேக்குது அண்ணை, கத்தாதேங்கோ... ஓம், இடிக்கிறம். உங்களுக்கு ஆர் சொன்னது? ... முன்வீட்டு அழகம்மாவோ? அவவுக்கு வேற வேலை இல்லை."

ஒரு காதில் அண்ணன் மரியநாயகம் வவுனியாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார். மறு காதில் மேசனின் அலவாங்கு வாசல் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. புனிதத்துக்கு இரண்டாவது சத்தம்தான் இனித்தது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கடலுக்கும் ஷெல்லுக்கும் தப்பி மிஞ்சிய பழைய கல்வீடுகளில் அவளுடையதும் ஒன்று. வளைவு வாசல், தேக்கு நிலை, பூச்செதுக்கிய இரட்டைக் கதவு, மூன்று கற்படி. பழைய சிற்றூர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை தன் வான் வண்டியில் ஏற்றிவந்து காட்டுவது மரியநாயகத்தின் தொழில். இந்த வாசல்தான் அவருடைய விளம்பரப் படம்.

"ஓம், எல்லாரும் ஆசையாத்தான் பாக்கினம். பாத்திட்டுப் போகினம். நாங்களெல்லோ உள்ளுக்க இருக்கிறம்... என்னது? 'அவசரமே இல்லாத ஊர், ஆறுதலா இருந்தது' எண்டு எழுதினவையோ? பஸ் வந்தாலெல்லோ அண்ணை அவசரப்படுறது! ... இல்லை, நான் பகிடி விடேல்லை."

"அப்பாவின்ர வீடோ? ... நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டுங்கோ எண்டுறன்! அப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. ஊருக்கே தெரியும். வவுனியாவில நீங்கள் இருக்கிறது அண்ணியின்ர சீதன வீடு. அதின்ர வாசல்ல நான் வந்து ஒரு ஆணி அடிச்சனானோ? ... அப்ப பேசாம இருங்கோ."

"ஏன் எண்டோ? உண்மையாத் தெரியாதோ? ... இவற்ற கதிரை அதுக்குள்ளால போகாது அண்ணை! நிலை ஒடுக்கம், கீழ மூண்டு படி... பின்பக்கமோ? பின்பக்கம் முழுக்க மணல். சில்லுப் புதையும்."

'இவர்' என்றால் அவள் கணவன் வின்சன். கரைவலை இழுத்த மனிதர். போர் இரண்டு காலையும் கொண்டுபோனதிலிருந்து சக்கரக் கதிரைதான் அவருக்குக் கால். மகன் தூக்கி இறக்குவான். அவன் கட்டாருக்குப் போனபின் வின்சன் வாசலுக்குள்ளேயே இருந்து தெருவைப் பார்த்தார். ஞாயிறு பூசையும் இல்லை, கடற்கரையும் இல்லை.

"போன ஞாயிறு நீங்கள் செய்த வேலை மறந்துபோச்சோ? ... சொல்லட்டோ? அந்தத் தொப்பி போட்ட பொம்பிளை, கதிரை படத்தைக் கெடுக்குது எண்டா. 'அது என்ர மச்சான்' எண்டு நீங்கள் சொல்லியிருக்க வேணும். என்ன செய்தனீங்கள்? குசினிக்குள்ள தள்ளிக்கொண்டு போய்விட்டுக் கதவைச் சாத்திப்போட்டு, 'இப்ப ஒருத்தரும் இல்லை, எடுங்கோ' எண்டனீங்கள்... ஓம், சொன்னனீங்கள்! அவருக்குக் கேட்டது அண்ணை. சாப்பிடாமலே படுத்திட்டார்."

அவள் கை போனை இறுக்கிப் பிடித்தது. கூடப்பிறந்தவன் என்று இத்தனை நாளும் வானுக்கு வான் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிய கை.

"மன்னிப்பு எனக்கேன்? அவரிட்டக் கேளுங்கோ... மாட்டீங்களோ? அப்ப விடுங்கோ... சனிக்கிழமை வான் வருதோ? வரட்டும்... பொலிசோ? தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவையளும் படி ஏறாமச் சுகமா வரலாம்."

மறுபக்கம் சட்டென்று தணிந்தது. புனிதம் புருவத்தைச் சுருக்கினாள். அண்ணன் குரல் தேனாய் ஒழுகினால் பின்னால் ஏதோ வருகிறது என்று சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

"என்ன, மெல்லக் கதைக்கிறீங்கள்? ... ம்... ம்... ஓகோ! நிலையையும் கதவையும் உங்களுக்குத் தரட்டாமோ? ... நீங்கள் கட்டுற ஹோட்டலுக்குப் பூட்டவோ? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான்! நான் விசரி, பழமைக்காகத்தான் அழுறீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

"கதவோ? இருக்குது. இரண்டும் இருக்குது... ஓம், பத்திரமாத்தான். படிக்கு மேல சரிவாப் போட்டிருக்கு, மேசன் நாளைக்குச் சீமெந்தில சரிவு கட்டுமட்டும்... படிக்கு மேலதான் அண்ணை! பக்கத்தில பக்கத்தில இரண்டும். செதுக்கின பக்கம் மேல, அப்பத்தான் சில்லு வழுக்காது... கத்தாதேங்கோ. இருங்கோ, இவர் வாறார்."

அலவாங்குச் சத்தம் நின்றிருந்தது; வாசல் இப்போது கதிரை போகுமளவுக்கு அகன்றிருந்தது. பிடிக்க வந்த மேசனை வின்சன் கையாலேயே விலக்கினார். புனிதம் போனை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தாள். தேக்குப் பூக்களின் மேல் சில்லு இரண்டும் தடதடவென்று இறங்கின.

"கேட்டதோ? ... தானாத்தான் இறங்கினவர். ஒருத்தரும் பிடிக்கேல்லை... இப்ப தெருவில நிக்கிறார். உங்கட ஆக்கள் நிண்டு படம் எடுக்கிற அதே இடம்... சனிக்கிழமை வாறவைக்கு இப்பவே சொல்லிவையுங்கோ, வாசல்ல என்ர மனிசன் இருப்பார் எண்டு. ஒதுங்கமாட்டார்... ஹலோ? ... அண்ணை? ... ஹலோ?"

அண்ணன் வைத்துவிட்டார். புனிதம் அதைச் சொல்ல வாசலுக்கு வந்தாள். மகன் போனபிறகு முதல் தடவையாக வின்சன் தன் வீட்டை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.